மெத்தனால் பதிவேடு

போன மாதமும் கலால் ஆய்வாளர் வந்தார்.
பூட்டைத் திறக்கச் சொல்லி, கேனுக்குள் குச்சி விட்டு,
ஏட்டைப் புரட்டி,
"இருபத்தேழாம் தேதி நாற்பது மில்லி எங்கே?" என்றார்.
யூரியாவாகிவிட்டது என்றேன்.
"மூட்டையில வருமே, அதுவா?"
அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்றேன்.
சிரிக்கவில்லை.
'ஆய்வுக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.
மெத்தனால் எத்தனை கண்களைத் தின்றதென்று
அவர் கணக்கில் இருக்கும்.

என் கணக்கு வேறு.

ஓசூர் சிப்காட், தகரக் கூரை,
பாதி திறந்தால் இருமும் ஒரு புகைக்கூண்டு.
இடது அலமாரியில் பழைய வழி:
டிரைபாஸ்ஜீன், நொறுக்கிய கற்கண்டு மாதிரி,
இரட்டை மூடிக்குள்.
சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்,
அறுத்துப் போட்ட புல் வாசம் வந்தால்
எது ஏன் என்று கேட்காதே, ஓடு.
எட்டு வருஷமாயிற்று.
கேட் ஓரத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓடினால்
இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

வலது பக்கம்
டைஅமீன், கொஞ்சம் மெத்தனால்.
கரைப்பான் அனிசோல்,
கல்யாணச் சாப்பாடு முடிந்து வாயில் போடும் சோம்பின் வாசம்.
அப்புறம் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக மாங்கனீஸ்:
இரண்டு பாஸ்பரஸ், நடுவில் ஒரு நைட்ரஜன்,
நண்டு பிடிப்பதுபோல் பிடித்திருக்கும் மாங்கனீஸ்.
முதலில் ருத்தேனியம்தான் போட்டோம்.
விலைப்பட்டியலைப் பார்த்து முதலாளி நாகபூஷண ரெட்டி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
விலை அப்படியே இருந்தது.

திம்மராயன் பாலியூரியா தெளிப்பவர்.
தெளித்தவர்.
காவேரிப்பட்டணத்திலிருந்து பர்கூர் வரை
மாங்கூழ் ஆலைத் தரைகள் அவர் போட்டவை.
புளித்த சாறு நாள் முழுக்க வழிந்தாலும்
வெடிப்பு விடாது.
பதினோரு சீசன் ஐசோசயனேட்.
முகமூடி இருந்தது.
ஏப்ரல் வெயிலும் இருந்தது.
இப்போது ஸ்டோர்ஸில் பேரல் எண்ணுகிறார்.
பேசும்போது வாக்கியத்தின் நடுவில்
ஒரு விசில் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
அது எழுந்து போகும்வரை
நாம் வேறெங்காவது பார்க்க வேண்டும்.

நேற்று ராத்திரி நூற்றிருபது டிகிரி.
கண்டன்சர் தலையில் ஒரு சிவப்பு பலூன்,
பஸ் ஸ்டாண்டுக் கடையில் பத்து ரூபாய்க்கு நாலு வாங்கியது,
'ஹேப்பி' வரைக்கும் அச்சாகியிருந்தது.
ஒரு மெத்தனால் இரண்டு அமீனைச் சேர்த்து வைக்கும்போது
மூன்று ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது.
கழுவ உப்பில்லை, கொட்ட அமிலமில்லை.
வாயு மட்டும் ஏறுகிறது.

சாவி வாங்க வந்த திம்மராயன்
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"யாரு ஊதுனது?"
யாரும் இல்லைண்ணா. அதுவா.
கிட்ட வந்தார்.
சுருங்கிக் கிடந்த ரப்பர்
அவசரமே இல்லாமல் உருண்டு வருவதை
மகள் வீட்டுப் பாடம் எழுதுவதைப் பார்ப்பவர்போல் பார்த்தார்.
விசில் வந்தது. போனது.
"இதுல தரை போடலாமா மேடம்?"

முடியாது.
மறைக்காமல் சொன்னேன்.
வெள்ளைப் பொடியாக அடியில் விழுந்துவிடுகிறது,
எதிலும் கரைய மாட்டேன் என்கிறது,
துப்பாக்கியில் ஏறாது.
விளைச்சல் நூற்றுக்கு முப்பத்துநாலு.
துளி காற்றுப் பட்டாலும் மாங்கனீஸ் செத்துப்போகிறது.
"அப்ப என்னாத்துக்கு?"

மானிய விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில்
அதற்கு நல்ல பதில் எழுதியிருக்கிறேன்.
வாயில் வரவில்லை.

மாங்காய் பழுத்ததா என்று பார்ப்பதுபோல
பலூனை ஒரு விரலால் அழுத்தினார்.
"நெருப்புக் கிட்ட வெக்காதீங்க" என்று சொல்லி
சாவியோடு போனார்.

காலை ஆறரை. கண்ணாடி ஜன்னலில் ஓசூர்ப் பனி.
ஏட்டில் எழுதினேன்:
எடுத்தது பதினெட்டு மில்லி.
மீதி இரண்டு லிட்டர் நூற்றுப் பத்து.
உபயோகம் என்ற கட்டத்தில் பேனா நின்றது,
பிறகு, ஆய்வுக்கு.

கேட் ஓரம் புல் வெட்ட ஆரம்பித்திருந்தார்கள்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்,
அரச மரம் வரை.