தேய்மானக் கணக்கு

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில்
முப்பத்து நான்கு வருடமாகத்
தேய்மானம் எழுதுகிறாள் குன்வோர்.
பாரந்தூக்கிக்கு இருபது வருடம்,
வெல்டிங் இயந்திரத்துக்கு எட்டு,
கணினிக்கு மூன்று.
எது எப்போது பூஜ்யமாகும் என்று
கேட்டால் சொல்லிவிடுவாள்.

பிப்ரவரியில், கூட்டுறவுக் கடை வாசலில்,
கண்ணாடியாய் உறைந்த தரையில் சறுக்கினாள்.
பையிலிருந்த ஆறு முட்டையும் தப்பின.
மணிக்கட்டு உடைந்தது.

பிறகு ஒரு ஸ்கேன்.
இடுப்பு: மைனஸ் இரண்டு புள்ளி எட்டு.
முதுகு: மைனஸ் மூன்று புள்ளி ஒன்று.
மைனஸ் பார்த்துப் பழகிய கண்தான்,
இதுவரை எல்லாம் வேறு யாருடைய கடனோ.

"அம்மா விழுந்ததால் இடுப்பு உடைந்ததா,
இடுப்பு உடைந்ததால் விழுந்தாரா?"
என்று கேட்டாள் டாக்டர் ஹெல்லே.
இருபது வருடத்தில்
யாரும் கேட்காத கேள்வி.

வாரம் ஒரு மாத்திரை.
அல்லது வருடம் ஒருமுறை நரம்பில் இறங்கும் சொட்டு மருந்து.
ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி இருக்கிறது,
ஆரம்பித்தால் நினைத்தபோது நிறுத்த முடியாது.
தினமும் தொடையில் குத்திக்கொள்ளும் இன்னொன்று
புது எலும்பு கட்டுமாம், இரண்டு வருடம் மட்டும்;
அதற்குப் பின் வேறொன்று வந்து
கட்டியதைக் காவல் காக்க வேண்டும்.

அக்கா ஆஸ்லாக் போட்டது அந்த ஆறு மாத ஊசி.
ஸ்பெயினில் வெயில் நன்றாக இருந்தது,
ஊசி நான்கு மாதம் தள்ளிப்போனது.
முதுகில் இரண்டு கண்ணிகள் நொறுங்கின,
இருமியபோது. வெறும் இருமல்.
இப்போது சமையலறையில் நின்று
மேல்தட்டை யாரோ உயர்த்திவிட்டார்கள் என்கிறாள்.

ஓட்டார் மீன் எண்ணெய் போதும் என்கிறான்.
"நான் ஐந்து வயதிலிருந்து குடித்தேனே, ஓட்டார்."
"அதனால்தான் மணிக்கட்டோடு போச்சு."
வாதத்தில் அவன் என்றைக்குத் தோற்றான்?

இரவு, பழைய பச்சைப் பேரேட்டில்
இரண்டு பத்தி வரைந்தாள்.
வலப்பக்கம்: தாடை எலும்பு செத்துப்போகலாம்,
பல ஆயிரத்தில் ஒருவருக்கு.
நெடுநாள் எடுத்தால் தொடை எலும்பு
அடிபடாமலே குறுக்காக விரியலாம்,
அதுவும் அபூர்வம்.
நெஞ்செரிச்சல், அபூர்வமே இல்லை.
இடப்பக்கம் எழுத ஒன்றும் வரவில்லை.
உடையாத இடுப்பை
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
நடக்காத விழுக்காட்டுக்கு ரசீது கிடையாது.

எதுவுமே எடுக்காமல் இருப்பதும்
ஒரு பதிவுதான் என்று
பேனாவை மூடும்போது பட்டது.
மறுபடி திறந்து எழுதவில்லை.

மாத்திரை என்றால் ஐந்து வருடம்,
பிறகு நிறுத்திப் பார்க்கலாம் என்றாள் ஹெல்லே.
அறுபத்திரண்டும் ஐந்தும் அறுபத்தேழு,
ஓய்வூதியம் தொடங்கும் வயது.
இவ்வளவு நேராகப் பொருந்தும் கணக்கை
குன்வோர் எப்போதும் இரண்டு முறை கூட்டிப் பார்ப்பாள்.
கூட்டினாள். அறுபத்தேழுதான்.

அதற்குள் பல் மருத்துவர் குறுக்கே வந்தார்:
கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது,
முதலில் அதைப் பிடுங்கி, புண் ஆறட்டும்.
வசந்தம் முழுவதும்
இடப்பக்கமாக மென்றபடி காத்திருந்தாள்.
முடிவு எடுத்தாயிற்றா என்று கேட்டவர்களிடம்
பல்லைக் காட்டினாள்.

ஜூன், ஞாயிறு, காலை ஆறு மணி.
வெறும் வயிறு. ஒரு டம்ளர் தண்ணீர்.
விழுங்கிய பின் அரை மணி நேரம்
படுக்கக் கூடாது, குனியக் கூடாது, காபி கூடாது.
தமிழில் ஓர் இமைப்பொழுதுக்கும்
மாத்திரை என்றுதான் பெயர்;
கிறிஸ்டியான்சுண்டில் அது முப்பது நிமிடம்.

ஜன்னலோரம் நிமிர்ந்து நிற்கிறாள்.
இரவே வராத வெளிச்சத்தில்
படகுத்துறை ஊழியன் ஒருவன்
கயிற்றைச் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றுகிறான்.
உள்ளே ஏதாவது நடக்கிறதா?
ஒன்றும் தெரியவில்லை.
பாரந்தூக்கி துருப்பிடிப்பதும்
அவள் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

வலது காலணியின் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது.
பார்த்துவிட்டாள்.
இன்னும் இருபத்திரண்டு நிமிடம்.