நாற்பத்து மூன்று நாள்

தேர்தல் அறிவித்த மறுநாள்
ஆறுகாணி ஸ்டேஷனுக்கு அதைக் கொண்டுபோனோம்,
என் பழைய நைலக்ஸ் சேலையில் பொதிந்து,
பைக்கில் அவருக்கும் எனக்கும் நடுவில்
காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி.

ஏட்டு ரசீதில் எழுதினார்:
இரட்டைக்குழல் ஒன்று. தோட்டா பதினொன்று.
பன்னிரண்டாவது எங்கே என்றார்.
ஆறு வருடத்தில் சுட்டது அந்த ஒன்றுதான்.
பன்றிக்குக் குறிவைத்து
குருசுமுத்து வீட்டுச் சக்கையில் பட்டது.
ஏட்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

எங்கள் மரச்சீனி விளைக்கு நடுவில் எல்லைக்கல் நிற்கிறது.
கல்லுக்கு இந்தப்புறம் மட்டும்தான் இவர் லைசன்ஸ்.
பன்றிகளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
கிழங்கைக் கிண்டி எடுத்துக்கொண்டு
கேரளத்தில் போய் நின்று தின்னும்.
இவர் கல்லில் உட்கார்ந்து பார்த்திருப்பார்,
மடியில் அது.

சுடுவதில் இல்லை அவர் ஆசை.
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும்
வெள்ளை வேட்டி மாற்றாமல் அதைப் பிரிப்பார்.
எண்ணெய்த் துணி, நீளக் கம்பி.
குழலில் ஒரு கண்ணை வைத்து
மறுமுனை வெளிச்சத்தைப் பார்ப்பார், வெகுநேரம்.
என் கண்ணில் தூசி விழுந்த அன்றுகூட
அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

ஒருநாளும் அதைக் காட்டி மிரட்டியதில்லை.
இதைச் சொல்லியாக வேண்டும்.
தங்கச்சி மேபல் போன் பண்ணும்போதெல்லாம்
சுற்றிச்சுற்றி அதைத்தான் கேட்பாள்.
இல்லடி. சத்தியமா இல்ல.
ரசாலம் குரல் உயர்த்தி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.
மகன் ஜெனிஷ் மட்டும்
பீரோ இருக்கிற அறையில் படுக்கமாட்டான்.
வெக்கை என்பான்,
கர்க்கடக மழையிலும்.

அது போன மூன்றாம் நாள்
ரப்பர் ஷீட் விற்ற காசு அவர் அண்ணன் கைக்குப் போனது தெரிந்தது.
கத்தினேன்.
சட்டுவத்தை எறிந்தேன்.
அது பீரோவில் மோதி விழுந்தபோதுதான்
என் சத்தம் எனக்கே கேட்டது.
இத்தனை உயரமா இதற்கு?
அவரும் கத்தினார்.
பதினெட்டு வருடத்தில் முதல்முறை.
இவரும் அடக்கித்தான் வைத்திருந்தார் போல,
அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது என்று.
நல்லா இருந்தது.
ஆளுக்கொரு பக்கம் நின்று
வெறுங்கையோடு.
அன்று ராத்திரி ஜெனிஷ் பாயைத் தூக்கிக்கொண்டு
உள்ளே வந்து படுத்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஓட்டு எண்ணி முடித்தார்கள்.
ரசீதை நான் பைபிளுக்குள் வைத்தேன்.
எண்ணாகமம் வரை எங்கள் வீட்டில் யாரும் போவதில்லை.
அவர் தேடினார்: சட்டைப் பைகள், பால் கணக்கு நோட்டு,
அரிசி டின்னுக்கு அடியில்.
எனக்கென்ன தெரியும் என்றேன்.

ஷெர்லின்தான் சொன்னாள்.
என்.சி.சி. கேம்பில் ஐந்துக்கு ஐந்தும் போட்டு
கப் வாங்கிவந்தவள்.
(அந்தக் கப்பில் நான் கிராம்பு போட்டு வைத்திருக்கிறேன்.)
"ரசீது இல்லாட்டியும் லைசன்ஸ் காட்டுனா தருவாங்கப்பா."
என்னைப் பார்க்கவில்லை அவள்.
பைபிளைப் பார்த்தாள்.

வந்துவிட்டது, உரச்சாக்கில் சுற்றி.
சேலை எங்கே என்றேன்.
சேலையை ரசீதில் எழுதலியே என்றார்.
ஜெனிஷின் பாய் ஹாலுக்குப் போயிற்று.

நேற்று ராத்திரி மழை விட்டதும் உறுமல்.
முன்னால் அவர். பின்னால் டார்ச்சோடு அவள்.
அடுக்களை வாசலில் நின்றேன்.
வெளிச்சம் ரப்பர் வரிசைகளைத் தாண்டிப் போய்
கல்லுக்குப் பக்கத்தில் நின்றது.
தொண்டையைச் செருமி
அந்தக் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.
"மீன்கறி ஆறுது! ரெண்டு பேரும் வாங்க!"

எல்லைக்கு அந்தப்புறம் ஒரு நாய் குரைத்தது.
பன்றி ஓடுகிற சத்தம்.
வெளிச்சம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.