இரண்டு காதும் தெரிய

பண்டாரவளைச் சந்தைக்கு மேலே
மாடிப்படி ஏறினால் அந்த ஸ்டூடியோ.
அடையாள அட்டைக்குப் படம்.
'கன் தெகம பேன்ன ஓனெ' என்றார் முதலாளி,
எனக்குச் சிங்களம் விளங்காதென்று நினைத்து
தன் காதுகளைத் தொட்டுக் காட்டியபடி.

உம்மா கதவடியில் நின்றா,
வேறு யாரும் ஏறி வந்துவிடாமல்
குடையைக் குறுக்கே பிடித்து.

ஸ்கார்ஃபை ஒதுக்கினேன்.
காற்றுப் பட்டது. கூசியது.
சிரிக்க வேண்டாம் என்றார்.
அதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

இடது காதுக்குள் போனது சிங்களம்:
பஸ்ஸில் ஒருவர் என் பையைத் திறந்து காட்டச் சொன்னது.
உள்ளே கொம்பாஸ் பெட்டி,
பாதி தின்ற மாலுபாண்.
அதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள்.
அன்றிலிருந்து எனக்கு மாலுபாண் இறங்குவதில்லை.

வலது காதுக்குள் போனது தமிழ்.
தமிழ் தினப் போட்டியில், பாவோதலில்,
மாகாணத்தில் இரண்டாமிடம் வந்த மறுநாள்
பின்வாங்கிலிருந்து டிலுக்ஷி:
'தொப்பி பிரட்டிக்கு நல்ல தமிழ் வருதுடி.'
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் வலிக்கிறது.

தெமோதரையில் ரயில்
ஸ்டேஷனை விட்டு இறங்கி, மலையைச் சுற்றி,
தான் நின்ற இடத்துக்கே அடியில் நுழையும்.
வெள்ளைக்காரர்கள் தொங்கித் தொங்கிப் படம் எடுப்பார்கள்.
என் ராத்திரிகளை யாரும் படம் எடுப்பதில்லை.
இரண்டு மணிக்கு ஒரு யோசனை புறப்படும்.
மூன்றரைக்கு அதே யோசனைக்குக் கீழே நிற்பேன்,
இன்னும் கொஞ்சம் இருட்டில்.

பதினொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை.
வயிற்று வலி என்றேன்.
உம்மா தண்ணி ஓதித் தந்தா. குடித்தேன்.
விரல் விறைத்து, மூச்சு மேலேயே நின்ற அன்றுதான்
வாப்பா ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார்.
'ஊருக்குள்ள சொல்ல வாணாம்.
நாளைக்கு ஒரு கலியாணம் பேச ஏலாமப் போகும்.'

பதுளை, வியாழக்கிழமை கிளினிக்.
'பாத்திமா' என்று நர்ஸ் கூப்பிட்டார்.
மூன்று பேர் எழுந்தோம்.
ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் நின்றோம்.
'பாத்திமா ஸஹ்லா' என்றதும்
மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள்.

டொக்டர் இளம் பெண்.
அவர் கேட்டதெல்லாம் விளங்கியது.
பதிலுக்குத்தான் சொல் இல்லை, எந்த மொழியிலும்.
கடைசியில் 'பயயி' என்றேன்.
எங்கள் சொல்லும் அதுதான்,
ஒரு 'ம்' மட்டும் குறைய.
அவர் பேனையைக் கீழே வைத்தார்.

திரும்பி வரும்போது உம்மா தூங்கிவிட்டா.
ரயில் சுரங்கத்தைத் தாண்டி, சுற்றி ஏறி
தெமோதரையில் நின்றது.
டிலுக்ஷி ஏறினாள்.
என்னைக் கண்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

'எங்க போயிட்டு வர்ற?'
'பதுளைக்கு. பல்லு.'
'எந்தப் பல்லு?'
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மடியில் மருந்து உறை. அதற்கு மேலே ஸ்டூடியோ உறை.
நல்லவேளை அவள் மேலே இருந்ததைத்தான் இழுத்தாள்.
'அட, உனக்குக் காதெல்லாம் இருக்கு!'
சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.
அவளுக்கும் தெரியவில்லை போல,
படத்தை உறைக்குள் வைத்து, மடிப்பை இரண்டு தரம் நீவினாள்.

வாங்கு, தொப்பி, மைக்,
எதைப் பற்றியும் அவள் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.
ஸ்கார்ஃபுக்குக் கீழால் விட்டு
வலது காதில் செருகிக்கொண்டேன்.

பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை.
எல்ல வரை கழற்றவில்லை.