பழி ஓரிடம்

சீஸ் சக்கரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டி
உள்ளே விரிசல் உண்டா என்று சொல்வது என் வேலை.
ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. தட்டினால் பேசும்.
நல்லது ஒரே குரலில் பேசும்.
கெட்டது நடுவில் கொஞ்சம் தொண்டையைச் செருமும்.

என்னைத் தட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.
வலது புருவத்துக்கு மேலே, எப்போதும் வலது,
முதலில் ஓர் ஒளி, ரம்பத்தின் பல்வரிசை போல.
அது கண்ணின் ஓரத்தை அறுத்து முடித்ததும்
அடி விழத் தொடங்கும்.
கிடங்கின் இருளில் அடுக்குகளைப் பிடித்து நிற்பேன்,
நாலாயிரம் சக்கரங்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மருத்துவர் பெர்த்தோலினி குறிப்பேடு வைக்கச் சொன்னார்.
பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை.

செவ்வாய். முப்பத்தாறு மாதச் சீஸ், விரலளவு. மறுநாள் வலி.
சனி. மைத்துனன் வீட்டில் சலாமி,
இரண்டு கோப்பை லாம்புருஸ்கோ. நள்ளிரவில் வலி.
ஞாயிறு. பத்து மணிவரை தூக்கம், காப்பி தாமதம். வலி.
மதியம் சாப்பிடவில்லை, லாரி வந்து நின்றது. வலி.
வெள்ளி. ஒன்றுமே செய்யவில்லை, மாதாவே, ஒன்றுமே. வலி.

சீஸை விட்டேன்.
ரெஜியோ மலைச்சரிவில் இதை உரக்கச் சொல்ல முடியாது.
கூட்டுறவில் ஓரெஸ்தே சிரித்தான்,
மீன்காரிக்குத் தண்ணீர் ஆகாதாம் என்று.
முகர்ந்தேன், மென்றேன், வாளியில் துப்பினேன்.
ஒயினை விட்டேன். சாக்லேட்டை விட்டேன்.
ஆறு வாரம் துறவிபோல் இருந்தேன்.
பால் வண்டி மாதிரி நேரம் தவறாமல் வந்தது வலி.

"இதில் ஒன்று எழுதவில்லையே, மொரேனா" என்றார் மருத்துவர்.
எழுதவில்லைதான். தின்றதைத்தானே கேட்டார்.
சிவப்புப் பேனாவால் நான்கு தேதிகளை வட்டமிட்டேன்.
ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு நாள் முன்பாக
என் கையெழுத்து கோணியிருந்தது.

அவர் ஒரு கோடு வரைந்தார். ஈஸ்ட்ரோஜனாம்.
மேடேறி, உச்சியில் சற்று இளைப்பாறி,
பள்ளத்தில் கால் தவறி விழும் கோடு.
விழுந்த இடத்தைப் பேனாவால் தொட்டார்.
நான் ஜன்னலை மூடிப் படுத்திருந்த இடம் அது.

சாக்லேட்டின் கதையோ வேறு.
அதைத் தின்றதால் வலி வந்திருக்காது,
வலி வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகுதான்
நாக்கு அதைக் கேட்டிருக்கும், என்றார்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
முப்பது வருஷம் ஒரு கறுப்புக் கட்டியைச் சபித்திருக்கிறேன்.

"அப்படியானால் சீஸ் நிரபராதியா?"
தோளைக் குலுக்கினார்.
கொப்பரையில் ஆயிரம் லிட்டர் பாலும் பாலாகவே நிற்கும்,
சூடு பக்குவம் சேரும் வரை.
பிறகு ஒரு கரண்டி உறை போதும்.
இதை அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்
என்ஸா பாலத்தின் மேல் நானே சொல்லிக்கொண்டேன்.
உறையை மட்டும் திட்டி என்ன பயன்?
சூடேற்றியவர்கள் பலர்.

இப்போது எனக்கு நாற்பத்தேழு.
மாதம் மாதமாக வருவதில்லை,
சில சமயம் இரண்டு சேர்ந்து, சில சமயம் பருவம் தாண்டி.
அந்தக் கோடு குடித்தவன் கையெழுத்தாகிவிட்டது.
ஒரு நாள் இது நின்றுவிடும், அப்புறம் தணியலாம், என்கிறார்.
"லாம்" என்ற அந்தச் சொல்லை
தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டில்
மாட்டில்டே மூன்று முறை கொட்டாவி விட்டாள்.
பன்னிரண்டு வயது. சென்ற மாதம்தான் அவளுக்கும் தொடங்கியது.
தட்டை நகர்த்தி, இனிப்பு ஏதாவது இருக்கிறதா என்றாள்.
விளக்கிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.
இவானோ சிரித்தான், கணக்குப் பாடம் வந்தால் இப்படித்தான் என்று.

நான் எழுந்து அடுப்புக்கு மேலிருந்த விளக்கை அணைத்தேன்.
அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தேன், வலது பக்கம்.
தட்டவில்லை.
வெறுமனே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாளை ஆறு மணிக்கு லாரி.
பாதாம் வாங்க வேண்டும், பசலைக்கீரை வாங்க வேண்டும்.
கோடு போட்ட நோட்டு ஒன்று,
சின்னதாக.