என்ன நீலம்

செய்தி வந்த அன்று
எட்டாம் தடத்து டிராமுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.
ஸ்பினெக் குனிந்து என் பூட்ஸிடம் சொன்னான்:
"மிதவை ஏழை மறுபடி எடுக்கிறார்களாம்."
பூட்ஸ் பதில் சொல்லவில்லை.
"ஷாம்பூ விளம்பரம் எடுத்த பெண்ணாம்."
அப்போதுதான் ஸ்பானர் கைநழுவி
என் நெற்றியில் விழுந்தது.
இந்தத் தழும்பும் அவள் கணக்கில்தான்.

அன்றிரவே விசாரணை,
ஷிடெனிட்ஸெ மதுக்கடையின் கழிப்பறையோர மேசையில்.
முப்பத்தோரு வருடமாய் அதே மூன்று பேர்.
குற்றவாளி வரவில்லை, ஆகவே வேலை சுலபம்.
மிலாடா வித்ரோவா, வயது முப்பத்து நான்கு.
கடைசிப் பகுதி ஒளிபரப்பானபோது
பிறக்கக்கூட இல்லை.
"எல்லாவற்றையும் பார்த்ததில்லை" என்று
பேட்டியில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.
"மொத்தமே நாற்பத்தொன்று!"
விளாஸ்தா மேசையைத் தட்டினாள், நுரை சிந்தியது.
"ஒரு ஃப்ளூ காய்ச்சலில் பார்த்து முடிக்கலாம்!"
கள்ளும் புதிது, மொந்தையும் புதிது,
ஒட்டியிருக்கும் சீட்டு மட்டும் பழையது
என்றான் ஸ்பினெக்.
மூவரும் ஒருமனதாய்க் குடித்தோம்.

உங்களுக்குத் தெரியாது.
போஷ்டோல்கா என்ற அந்த விண்கப்பல்
சலவை இயந்திரத்தின் உருளை, முட்டை அட்டைகள்,
யாரோ ஒருவருடைய சைக்கிள் விளக்கு.
கயிறு தெரியும். தெரிந்தால் என்ன?
பதினேழாம் பகுதியில்
வியாழனைத் தாண்டும்போது தளபதி தும்முவார்.
படச்சுருள் தீர்ந்துவிட்டதால்
அதை மறுபடி எடுக்கவில்லை.
பிரபஞ்சம் எவ்வளவு குளிர் என்று
ஒன்பது வயதில் எனக்குச் சொன்னது
அந்தத் தும்மல்.

அதைப் போய் ஒரு ஷாம்பூக்காரி...

மார்ச்சில் முதல் புகைப்படம் வந்தது.
கப்பல் பச்சை.
பச்சை!
போஷ்டோல்கா நீலம் என்பது
பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.
நான்கு பக்கம் கடிதம் எழுதி
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு
மேசைக்குப் போனேன், வாசித்துக் காட்ட.
இரண்டாம் பத்தியில் பியரோடு வந்த ரெனே கேட்டான்,
அவனுக்கு வீடு போகும் அவசரம்:
"என்ன நீலம்?"

எரிவாயு அடுப்பின் சுடர் என்றாள் விளாஸ்தா.
தபால் முத்திரை மை என்றான் ஸ்பினெக்.
நான் வாய் திறந்தேன்,
எனக்குள் இருந்தது
கதவில் நசுங்கிய விரல்நகத்தின் நீலம்.

மூன்று நீலம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"உங்கள் வீட்டில் அப்போது என்ன பெட்டி?"
கேட்டது யார் என்று ஞாபகமில்லை,
நானாக இருக்காது.
எங்கள் வீட்டுக்கு வண்ணப்பெட்டி வந்தது
தொடர் முடிந்து இரண்டு வருடம் கழித்து.
ஸ்பினெக் வீட்டுக்கு அதற்கும் பிறகு.
விளாஸ்தா மாமா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவள்,
அங்கும் சாம்பல்.
கிடங்கில் மிஞ்சிய பிரதிகளும்
அதே சாம்பல்.

ரெனே கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனான்.

இதனால் அவள் செய்தது சரியென்று ஆகிவிடாது.
பச்சை தப்பு.
எதை வைத்து என்று மட்டும் கேட்காதீர்கள்.
வீட்டுக்கு வந்து கடிதத்தில்
"கப்பலின் நிறம்கூடத் தெரியாத உங்களுக்கு"
என்ற வரியை அடித்தேன்.
நெருக்கி இன்னொன்று எழுதினேன்:
தும்மல் இருக்கிறதா?
அனுப்பினேன். பதில் வரவில்லை.
எப்படி வரும், ஆயிரம் பேர் திட்டியிருப்பார்கள்,
என் உறையைப் பிரித்தாளோ என்னவோ.

டிசம்பர், முதல் நாள், முதல் காட்சி.
போகவே மாட்டோம் என்று
மூவரும் கைகுலுக்கி முடிவெடுத்திருந்தோம்.
கடைசி வரிசையில் ஓரமாய்
தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
இரண்டு இருக்கை தள்ளி
மஃப்ளருக்குள் ஒரு ஸ்பினெக்.
முன் வரிசையில் அந்த முதுகு
யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

விளக்கு அணைந்தது.
முதுகு திரும்பாமலே முணுமுணுத்தது:
"இசையே சரியில்லை."
இசை இன்னும்
தொடங்கியிருக்கவில்லை.