சாவி விஷயம்

போன மாதம் ஒரு வரவேற்பு,
அயனாவரத்தில், ஏசி மண்டபம்.
மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள்.
‘சாவி உங்கிட்டதான் இருக்கு
வெளியிலயே நிக்கிறேன் நான்.’
பெண்ணின் சித்தி கர்ச்சீப்பை எடுத்தாள்.
நான் ஐஸ்கிரீம் கப்பைக் கீழே வைத்தேன்.

காதல் இல்லை அம்மா அது.
வியாசர்பாடியில் ஒரு குடோன்.
இரும்பு ஷட்டர், இரண்டு பூட்டு,
கிளெமென்டிடம் ஒரு சாவி, என்னிடம் ஒன்று.
உள்ளே சுவரெல்லாம் முட்டை அட்டை,
ஷௌகத்தின் டிரம்ஸ்,
கடனுக்கு வாங்கிய ஆம்ப்ளிஃபயர்,
தொட்டால் லேசாய் ஷாக் அடிக்கும் மைக்.
வாடகை பாக்கி மூன்று மாதம்.

சண்டை எதற்கு?
யாராவது கேட்டால்
பெரிதாக ஒன்றைச் சொல்லத்தான் ஆசை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்
என் மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்ட வருடம் அது.
நான்கு தட்டில் மூன்றாவது
எப்போதும் கொஞ்சம் பிந்தி வந்தது.
ஷௌகத் எனக்காகக் காத்திருந்து அடிப்பான்.
கிளெமென்ட் திட்டியிருந்தால் இருந்திருப்பேன்.
‘இந்த ஒரு ஷோவுக்கு மட்டும்
வேற ஆள் வெச்சுக்கலாமா, தப்பா எடுத்துக்காத’
என்று மரியாதையாகக் கேட்டான்.
பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை.

என் பூட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினோரு தடவை கூப்பிட்டான்.
பிறகு ஒரு மெசேஜ்:
‘மச்சான், சாவி.’
அவ்வளவுதான்.
அதற்கும் பதில் போடவில்லை.

ஷோ போனது. அட்வான்ஸைத் திருப்பினார்கள்.
ஷௌகத் தோஹாவுக்குப் போனான்.
கிளெமென்ட், ஐசிஎஃப் குவார்ட்டர்ஸில்
அத்தை வீட்டுப் பின்னறையில்
இரவல் கிடாரும் ஒரு லேப்டாப்புமாக உட்கார்ந்தான்.
டிரம்ஸ் இல்லை, பீரோக் கதவைத் தட்டினான்.
ஆள் இல்லை, எல்லாவற்றையும் அவனே வாசித்தான்.
தனி ஆல்பம் தனி ஆல்பம் என்கிறார்களே,
அது இப்படித்தான் தனி ஆனது.

ஆறு மாதத்தில் அந்த வரி
ஆட்டோவின் முதுகில் ஏறியது.
எஃப்எம்மில் கேட்டார்கள், யார் அந்தப் பெண்?
‘பேரச் சொன்னா கோவிச்சுக்கும்’ என்று சிரித்தான்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
பாட்டு முழுக்க அடங்கி
பேஸ் மட்டும் வரும் ஓர் இடம்.
நான்கு தட்டு.
மூன்றாவது பிந்துகிறது.

பத்து விரலும் முழுசாக இருப்பவன் அவன்.
பிந்த வேண்டிய அவசியம் இல்லை.
எத்தனை முறை வாசித்துப் பழகியிருப்பான்
என் நொண்டலை.
ஒரு பத்திரிகை ‘தயக்கத்தின் அழகு’ என்று எழுதியது.
கிண்டலா, மன்னிப்பா?
ஹெட்போனில் கேட்டால் ஒரு மாதிரி இருக்கிறது,
ஷேர் ஆட்டோவில் வேறு மாதிரி.
ஏழு வருடமாகப் போன் நம்பர் மாறவில்லை,
அவனுக்கும், எனக்கும்.

குடோன் இப்போது டைல்ஸ் கடை.
ஓனர் அப்போதே பூட்டை அறுத்து
ஆம்ப்ளிஃபயரை விற்று வாடகையை எடுத்துக்கொண்டார்.
சாவி மட்டும் என் ஸ்கூட்டர் சாவியோடு கிடக்கிறது.
பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு முறையும்
அதுதான் முதலில் கைக்கு வருகிறது.
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.

மண்டபத்தில் அந்த இடம் வந்தது.
ஒன்று. இரண்டு.
மாப்பிள்ளை, பெண், கல்லூரித் தோழிகள்,
ஷூவைக் கழற்றிவிட்டு ஆடிய தாய்மாமன்,
அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கியபடி
அந்தரத்தில் நின்றார்கள்,
என் விரல் வந்து சேரும் வரை.

வந்தது.
காலைக் கீழே வைத்தார்கள்.

ஐஸ்கிரீம் தண்ணீராகியிருந்தது.