எட்டு

ரோகிஷ்கிஸில் இரவு எட்டு மணிக்கு
மது அலமாரியின் மேல் திரை இறங்கும்.
இறக்குவது நான்தான்.
இருபது நிரம்பாதவர்க்கு விற்கக் கூடாதென்று சட்டம்.
அட்டையைக் கேட்பேன்,
படத்தைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன்.
கூடப் பிறந்தவனிடமே கேட்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை எய்மாந்தாஸ் வந்தான்.
இருபத்து மூன்று. அட்டை சரி. முகம் சரி.
ஒரு வோட்கா, ஆப்பிள் சாறு இரண்டு,
சூரியகாந்தி விதை ஒரு பொட்டலம்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
அவன் தம்பி உக்னியுஸ் நின்றான். பதினேழு.
என்னைப் பார்த்துக் கையசைத்தான்.
நானும் அசைத்தேன்.

ரசீதில் மணி அச்சாகும்: ஏழு ஐம்பத்திரண்டு.
எத்தனை முறை கழித்துப் பார்த்தாலும்
மீதி எட்டு.

ஊர் காரணம் தேடியது.
ஒரு பெண் என்றார்கள். கணிதத் தேர்வு என்றார்கள்.
நார்வேயில் மீன் அறுக்கப் போன அம்மா என்றார்கள்.
அந்த அம்மா திரும்பி வந்து
விமான நிலையப் பையைக்கூடக் கீழே வைக்காமல்
தேவாலயத்தில் நின்றுகொண்டேயிருந்தாள்.

மாவட்ட மருத்துவமனையிலிருந்து வந்த பெண் மட்டும்
ஒற்றைக் காரணம் என்று எதுவும் இல்லை என்றாள்.
துக்கம் அவனிடம் முன்பே இருந்திருக்கும்.
ஆனால் நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே
நீளமான வழி ஒன்று உண்டு.
நடந்தால் கால் கடுக்கும், பசிக்கும்,
யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்,
பாதியில் திரும்பிவிடலாம்.
குடி அந்த வழியைப் பாய்போலச் சுருட்டிவிடும்.
அப்புறம் அது
ஒரே எட்டு.

அதே புட்டியில் குடித்தவள் கொத்ரினா.
அவளுக்கும் அன்றிரவு அதே நினைப்பு வந்ததாம்.
சூயிங்கம் வாங்க வந்தவள்
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னாள்.
உதவி எண்ணுக்கு அழைத்திருக்கிறாள்.
எடுத்தவனுக்குச் சளி. பேச்சுக்கு ஒரு தும்மல்.
என்ன சாப்பிட்டாய், நாய்க்கு என்ன பெயர்,
பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்கள்,
அவர்களை எழுப்பலாமா.
இவள் அக்காவை எழுப்பினாள்.
விடியற்காலை நாலு மணிக்குப் போதை இறங்கியது.
துக்கம் இறங்கவில்லை, என்றாள்.
ஆனால் காலைவரை
காத்திருக்கக்கூடிய துக்கமாக இருந்தது.

உக்னியுஸிடமும் செல்பேசி இருந்தது.
இந்த இடத்தில் எனக்கு வரி ஓடுவதில்லை.

எய்மாந்தாஸ் இப்போது
திரை இறங்கிய பிறகுதான் வருகிறான்.
நேற்று ஒரு பால், ஒரு கறுப்பு ரொட்டி.
பழக்கத்தில் அட்டையையும் எடுத்து வைத்தான்.
பாலுக்கு வேண்டாம் என்றேன்.
நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.
பார்த்தேன்.
அட்டை சரி.
முகம்தான்,
படத்தில் இருப்பவனைத் தெரியாத முகம்.

உன் காசு வாங்கியது என் கை, என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
கல்லாவைப் பூட்டிவிட்டு வருகிறேன்,
வெளியே நிற்காதே, உள்ளேயே இரு, என்றது வாய்.
வீட்டில் பீட்ரூட் சூப் இருக்கிறது.
ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.